ஜாக்கி மேல் ஓர் அடுக்களை

கிளென்பானில் பெற்றோர் வைக்கும் பெயர் ஞானஸ்நானத்துக்கும் கல்லறைக் கல்லுக்கும் மட்டும்தான் உதவும். இடைப்பட்ட காலத்துக்கு ஊர் ஒரு பெயர் வைக்கும். வேறு வழியும் இல்லை. ஊரில் பாதிப்பேர் மெக்கின்னஸ். மீதிப்பேர் மெக்கின்னஸ் வீட்டில் பெண் எடுத்தவர்கள். ஆண் பிறந்தால் டன்கன், ரோரி, ஆலன், ஹெக்டர் என்று நாலு பெயரைத்தான் கனடாவின் கேப் பிரெட்டன் தீவின் இந்த ஓரத்தில் மாற்றி மாற்றி வைப்பார்கள். தெருவில் நின்று "டன்கன்" என்று கூப்பிட்டால் ஒரு நாய் உட்படப் பலர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே ஆளைப் பிரித்துக் காட்ட, அவர் வாழ்நாளில் செய்த ஒரே ஒரு முட்டாள்தனத்தைத் தேர்ந்தெடுத்து ஊர் அதை அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிவிடும்.

ஒரு டன்கன் கோட்டும் சூட்டுமாக, கையில் பரிசுப் பெட்டியோடு, கல்யாணம் முடிந்த மறுநாள் மாதா கோயில் வாசலில் வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் நேத்து டன்கன். அவர் மகன் வங்கி மேலாளர், ஒரு நிமிடம் பிந்தி அறியாதவர். அவரும் நேத்து ஆலன்தான். பேத்தி டொராண்டோவில் பல் டாக்டர். லீவில் வந்தால் "நேத்து வீட்டுப் பொண்ணு வந்திருக்கா" என்பார்கள். ரம்பம் இரவல் கேட்டு வந்தவன் முகத்தில் கதவைச் சாத்திய ரோரி, கதவு ரோரி ஆனார். அவர் செத்து வெகுகாலம் ஆகிறது. கதவு இன்னும் அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. பெயர் சூட்டப்பட்டவருக்கு அது கடைசியில்தான் தெரியவரும்.

லாக்லனுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. அவன் அப்பா தீவுக்கு வெளியே, பெருநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர். பட்டப்பெயர் ஒன்றைச் சம்பாதிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வெறுமையைக் காப்பாற்றுவதுதான் லாக்லனின் முழுநேர வேலை. நெடுஞ்சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியது உபதொழில். ஏரி உறைந்து, ஊரே அதன்மேல் நடந்து, ஒருவர் லாரியும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவன் பனிக்கட்டியில் இறங்குவான். அப்போதும் யாரும் பார்க்காத நேரமாக, குப்புறப் படுத்து, கைகாலைப் பரப்பி ஊர்ந்து பார்த்துவிட்டே எழுந்து நிற்பான். ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கிய பிறகு கை தூக்குவான். கல்யாணத்துக்குக் கிளம்புமுன் தேதியை மனைவியிடம் கேட்பான், மனைவியின் அக்காவிடமும் கேட்பான். ஐம்பத்து மூன்று வயதுவரை இப்படியே தப்பித்து வந்தான்.

மனைவி முர்டீனா வேறு வார்ப்பு. பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அறுபது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே தன் குரல் கேட்க வேண்டும் என்று பழகியவள். அவர்களுடைய வீட்டு அடுக்களையில் அடுப்பருகே ஒரு முட்டையைத் தரையில் வைத்தால் அது தானாகவே உருண்டு வாசல்வரை போகும். கல் அடித்தளம் அப்படி இற்றுப் போயிருந்தது. "எனக்கு அம்பதாவது பொறந்தநாளுக்கு மோதிரம் வேணாம், பயணம் வேணாம்," என்றாள் முர்டீனா. "நேரான தரை ஒண்ணு குடு. அது போதும்."

அதற்காகத்தான் வில்ஃபிரட் வந்தான். வீடு தூக்குவது அவன் தொழில். இரண்டு நீளமான இரும்பு உத்தரங்களை வீட்டுக்கு அடியில் செருகி, ஜாக்கி வைத்து, வீட்டை ஆள் குனிந்து நடக்கும் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினான். அடியில் தோண்டிப் புதிய கான்கிரீட் சுவர் எழுப்பி, மறுபடி வீட்டை அதன்மேல் இறக்க வேண்டும். முன்னறையும் படுக்கையறைகளும் உத்தரங்களின் மேல் மலைபோல உட்கார்ந்தன. அடுக்களைதான் சிக்கல். அது பிறகு யாரோ பின்பக்கமாக ஒட்டிக் கட்டியது. உத்தரம் அதுவரை எட்டவில்லை. அதன் வெளி மூலையை ஒரு தனி ஜாக்கி தாங்கியது. ஜாக்கிக்குப் பக்கத்தில் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடுக்களைத் தரையின் அடிப்பக்கத்தைத் தொடும்வரை ஏற்றி வைத்தான் வில்ஃபிரட்.

"இந்த அடுக்கு எதுக்கு?" என்றான் லாக்லன்.

"ஜாக்கி போதும். நீங்க ரெண்டு பேரும் ஒரு பூனையும்னா ஜாக்கியே போதும். கூட்டமா நின்னு யாராவது ஆடினா இது வேணும்." வில்ஃபிரட் சிரித்தான். "ஏறி இறங்க பலகை எந்தப் பக்கம் போடட்டும்? முன்வாசலா, அடுக்களையா?"

"அடுக்களைதான்," என்றான் லாக்லன், யோசிக்காமல். கிளென்பானில் முன்வாசல் பாதிரியாருக்கும் பிணத்துக்கும் உரியது. மனிதர்கள் அடுக்களை வழியாக வருவார்கள், அடுக்களை வழியாகப் போவார்கள். அவன் வீட்டு முன்கதவு அவன் அப்பா வெளியேறிய நாளுக்குப் பிறகு திறக்கப்படவில்லை. இப்போது அதைத் திறந்தால் படியும் இல்லை, வெறும் பள்ளம்.

சனிக்கிழமை முர்டீனாவின் பிறந்தநாள். காலையிலேயே பக்கத்து வீட்டு ஹெக்டர் வந்து வீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"லாக்லன், இங்க சும்மா கெடக்குதே இந்தக் கட்டைங்க. ஒரு நாலு குடேன். படகக் கரையேத்தி அடியில பெயின்ட் அடிக்கணும், முட்டுக் குடுக்க ஒண்ணும் இல்ல. நாளைக்குக் காலையில திருப்பிக் கொண்டாந்து வெச்சிடுறேன்."

அது சும்மா கிடக்கவில்லை என்று லாக்லனுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் கதவு ரோரி வந்து நின்றார். அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"எடுத்துக்கோயேன்," என்றான் லாக்லன். "இதெல்லாம் கேக்கணுமா என்ன."

கேட்டது நாலு. எடுத்தது அடுக்கு முழுவதும். ஹெக்டரின் லாரி போன பிறகு லாக்லன் குனிந்து பார்த்தான். ஜாக்கி மட்டும் தனியாக நின்றது, கல்யாண வீட்டில் தெரிந்தவர் யாரும் இல்லாமல் நிற்பவனைப் போல. பரவாயில்லை, நாமிருவரும் ஒரு பூனையும்தானே என்று சொல்லிக்கொண்டான். பிறந்தநாளுக்கு வருபவர்களை முன்னறையில் உட்காரவைத்தால் போயிற்று.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

அழைப்பு என்ற ஒன்று கிளென்பானில் கிடையாது. யாரையும் அழைக்கவில்லை என்றால் எல்லோரும் வருவார்கள் என்று பொருள். லாக்லன் நாற்காலிகளை எல்லாம் முன்னறைக்குக் கடத்தினான். முர்டீனாவின் அக்கா வீட்டில் காய்ச்சி வந்த மீன் சூப்புப் பானையை அங்கே கொண்டுபோனான். ஓட்ஸ் பிஸ்கட், உருளைக்கிழங்கு சாலட், கேக்கைத் தவிர எல்லாவற்றையும் கொண்டுபோனான். ரம் புட்டியைப் பியானோ மேல் கண்ணில் படும்படி வைத்தான். ஒரு கிளென்பான்காரனை அறை மாற்ற இதைவிட வலுவான காரணம் உலகத்தில் இல்லை என்று நம்பினான்.

முதல் ஆள் பலகையில் ஏறி அடுக்களைக்குள் வந்தார், நின்றார். இரண்டாவது ஆள் வந்தார், முதல் ஆளோடு பேச நின்றார். அப்புறம் வந்தவர்களுக்கு நிற்பவர்களைத் தாண்டிப் போவது மரியாதையாகப் படவில்லை.

"முன்னறையில நாற்காலி போட்டிருக்கு," என்றான் லாக்லன். "சூப்பு இருக்கு. சூடா இருக்கு."

"அப்படியா," என்று மகிழ்ந்து, முன்னறைக்குப் போய், கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டு, மறுபடி அடுக்களைக்கே வந்து நின்று குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ரம் புட்டியும் யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

முர்டீனா அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் ஹெக்டர் உள்ளங்கையில் ஒரு கட்டி வெண்ணெயோடு எல்லோரையும் கதவுக்குப் பின்னால் நெருக்கி நிறுத்தினான். பிறந்தநாள்காரர் மூக்கில் வெண்ணெய் தடவாமல் இந்த ஊரில் யாருக்கும் வயது ஏறாது. முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, அந்த வெளி மூலையில் ஒதுங்கினார்கள். எல்லோரும் முர்டீனாவின் காலடிக்குக் காது கொடுத்தார்கள். லாக்லன் மட்டும் தரைக்குக் காது கொடுத்தான்.

பலகையில் காலடி. கதவு திறந்தது. கூச்சல், வெண்ணெய், முர்டீனாவின் அலறல். முப்பது பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள்.

கீழே எங்கோ 'க்ர்ர்க்' என்றது.

யாருக்கும் கேட்கவில்லை. லாக்லனுக்குக் கேட்டது. முதுகுத்தண்டின் வழியாகக் கேட்டது.

"அடப்பாவிகளா, கண்ணுலயெல்லாம் வெண்ணெய்!" முர்டீனா சிரித்துக்கொண்டே துடைத்தாள். கணவனைப் பார்த்தாள். "உனக்கு என்ன ஆச்சு? ஏன் சுவரப் புடிச்சிட்டுப் பூனை மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்ல. முன்னறைக்குப் போலாமே. அங்க காத்து நல்லா வருது."

"மழையில காத்து எதுக்கு?" என்று அவள் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆர்ச்சி வந்து சேர்ந்தார். பிடில் வாசிப்பவர், எண்பதைத் தொடப் போகிறவர். காது சரியாகக் கேட்காது. காதில் மாட்டும் கருவியை வாசிக்கும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பாட்டு தனக்குள்ளேயே இருப்பதாகவும், வெளியிலிருந்து கேட்கவேண்டியது ஒன்றும் இல்லை என்றும் சொல்வார்.

லாக்லன் அவர் கருவியைக் கழற்றுமுன் ஓடிப்போய் வழிமறித்தான். "ஐயா, பியானோ முன்னறையில இருக்கு. உங்களுக்கு மெத்தை வெச்ச நாற்காலி போட்டிருக்கேன்."

"பியானோ அங்க நல்லா இருக்கட்டும் தம்பி. எனக்கு அடுப்புப் பக்கம் உக்காந்தாத்தான் விரல் ஓடும்."

"அடுப்பு அணைஞ்சு கெடக்கு ஐயா. வீட்டத் தூக்கினப்பப் புகைக்குழாயக் கழட்டிட்டாங்க."

"எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன? அடுப்பு அடுப்புதானே." ஆர்ச்சி முன்னறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி, அணைந்த அடுப்புக்கும் வெளிச் சுவருக்கும் இடையில், சரியாக அந்த மூலையில் உட்கார்ந்தார். கருவியைக் கழற்றினார். கண்ணை மூடினார். வலது பூட்ஸைத் தூக்கினார்.

இந்தத் தீவில் பிடில்காரரின் கால்தான் மத்தளம். தூக்கின பூட்ஸ் இறங்கியது.

லாக்லன் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான். குனிந்து வீட்டுக்கு அடியில் நுழைந்தான். நுழைந்ததும் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. பார்க்காத வரைக்கும் அது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பார்த்தான்.

மழைநீர் சரிவில் இறங்கி அந்த மூலையில் தேங்கியிருந்தது. ஜாக்கிக்கு அடியில் போட்டிருந்த பலகை ஒரு பக்கம் சேற்றில் புதைந்து, மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஜாக்கி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. மேலே பூட்ஸ் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பலகையின் ஓரத்தில் சேறு குமிழியிட்டது. கட்டை அடுக்கு இருந்த இடத்தில் மட்டும் மண் அழுந்தி, சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்தை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு பைத்தியக்காரன்போல ஒவ்வொன்றாகச் செய்தான். ஒரு பாறையைப் புரட்டிக் கொண்டுவந்து ஜாக்கி சாயும் பக்கம் வைத்தான். ஜாக்கிக்கும் அதற்கும் நடுவே ஒரு கைப்பிடி இடைவெளி, எதைக் கொண்டு நிரப்புவது? பெயின்ட் டப்பாவை வைத்தான், டப்பா நசுங்கியது. ஜாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சில்லென்ற இரும்பு அவன் மார்புக்குள்ளேயே அதிர்ந்தது. கடைசியில் தோளை அடுக்களைத் தரைக்கு முட்டுக் கொடுத்து நின்றான். ஒரு வீட்டைத் தோளில் தாங்கி நிற்கிறோம் என்பது அவனுக்கு அப்போது வேடிக்கையாகப் படவில்லை.

மேலே ஆட்டம் பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ணமுடியாத கால்கள். தரைப் பலகைகளின் இடுக்கிலிருந்து நூற்றாண்டுத் தூசி அவன் கண்ணில் விழுந்தது.

சொன்னால் என்ன பெயர் வைப்பார்கள்? சாய்ந்த லாக்லன். இரவல் லாக்லன். இத்தனை பயத்திலும் மனம் உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவன் மகள் ஹாலிஃபேக்ஸில் செவிலியர் படிப்பு படிக்கிறாள். அவள் பெயருக்கு முன்னால் அது போய் ஒட்டிக்கொள்ளும். அவள் பிள்ளைகளுக்கும். சொல்லாமல் விட்டால்? இன்னும் ஒரு பாட்டு. அப்புறம் கேக் வெட்டுவார்கள். அப்புறம் கலைவார்கள். ஜாக்கி அதுவரை நிற்கலாம். நிற்காமலும் போகலாம்.

அப்போது மேலே, அத்தனை கால்களுக்கு நடுவே, ஒரு ஜோடிக் காலை அவன் அடையாளம் கண்டுகொண்டான். இருபத்தைந்து வருடமாகப் பக்கத்தில் நடந்த கால். இடது குதிகாலைச் சற்றுத் தாமதமாகத் தட்டும் கால். முர்டீனா ஆடிக்கொண்டிருந்தாள். நடு அடுக்களையில் ஆடத் தொடங்கியவள், ஒவ்வொரு அடியாக, மூலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தாள்.

லாக்லன் எப்படி மேலே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. அடுக்களையைத் தாண்டி முன்னறை வாசலில் நின்று வாயைத் திறந்தான்.

"நில்லுங்க!"

அந்தக் குரலை ஊர் கேட்டதே இல்லை. கால்கள் நின்றன.

"கீழ கட்டை இல்ல. நான் ஹெக்டருக்குக் குடுத்துட்டேன். ஜாக்கி சாயுது. தரை நிக்காது. பலகைப் பக்கம் வேணாம், முன்னறைக்குப் போங்க. ஓடாதீங்க, குதிக்காதீங்க. ஒருத்தர் பின்னால ஒருத்தர். மெதுவா."

யாரும் சிரிக்கவில்லை. வீடு தூக்குவதைப் பார்த்து வளர்ந்த ஊர் அது. ஒருவர் குனிந்து தரையைப் பார்த்தார். மேசையிலிருந்த ஒரு தேக்கரண்டி மெல்லச் சறுக்கி, விளிம்பில் ஒரு கணம் யோசித்து, கீழே விழுந்தது.

"என் படகுக்கு அடியில இருக்கறதா?" என்றான் ஹெக்டர். வெண்ணெய்க் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "சும்மா கெடக்குதுன்னுல்ல நெனச்சேன்."

"மெதுவா," என்றான் லாக்லன். "மெதுவா, மெதுவா."

நற்கருணை வாங்கப் போகிறவர்களைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்த தலையோடு, வரிசையாக நகர்ந்தார்கள். தரை முனகியது. ஒருவர் செருமினார், எல்லோரும் அவரை முறைத்தார்கள். ஒவ்வொருவர் தாண்டும்போதும் லாக்லன் அந்தச் சொல்லையே சொன்னான். அதைத் தவிர அவனிடம் வேறு சொல் இல்லை. முர்டீனா கடைசியில் வந்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"ஆர்ச்சி," என்றாள்.

ஆர்ச்சி கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. பூட்ஸ் எழுந்தது, இறங்கியது. எழுந்தது, இறங்கியது.

"ஆர்ச்சி! நிறுத்துங்க ஆர்ச்சி!" முன்னறையிலிருந்து முப்பது பேரும் கத்தினார்கள். அந்த அதிர்வு மட்டும் எட்டியிருக்க வேண்டும். ரசிகர்கள் உற்சாகமாயிருக்கிறார்கள் என்று நினைத்து அவர் தாளத்தைக் கூட்டினார்.

ஹெக்டர் உள்ளே பாய்ந்தான். லாக்லன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "உன் எடைக்கு அது தாங்காது."

"உன் எடைக்கு மட்டும் தாங்குமா?"

லாக்லன் அவனைப் பின்னுக்குத் தள்ளினான். குப்புறப் படுத்தான். கைகாலைப் பரப்பினான். இத்தனை வருடமும் ஏரிப் பனிக்கட்டிமேல் யாரும் பார்க்காதபோது செய்ததை, இன்று ஊரே பார்க்கச் செய்தான்.

தரை சாய்ந்திருந்தது இப்போது கண்ணுக்கே தெரிந்தது. கன்னத்தைப் பலகையில் வைத்து ஊர்ந்தான். தேங்கிய நீர் கீழே களக் களக் என்று சத்தமிடுவது காதுக்கு நேராகக் கேட்டது. ஒரு கிண்ணம் சறுக்கி வந்து அவன் தோளில் முட்டி, மிச்ச சூப்பைக் கொட்டியது. மேசை ஒரு அங்குலம் நகர்ந்தது; கேக்கும் அதோடு நகர்ந்தது. பூட்ஸ் இறங்கியது. அவன் அசையாமல் கிடந்தான். பூட்ஸ் எழுந்தது. அவன் இன்னும் ஒரு முழம் ஊர்ந்தான். திரும்பிப் போக வேண்டும் என்று உடம்பு முழுவதும் கெஞ்சியது; முழங்கைகள் மட்டும் எப்படியோ முன்னால் போயின.

பூட்ஸ் எழுந்தபோது அதன் அடியில் கையைச் செருகினான்.

இறங்கியது. இரண்டு விரல்களில் ஏதோ உடைந்தது. தாளம் நின்றது.

ஆர்ச்சி கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். "ஏன்டா தம்பி, தாளம் புடிக்கலன்னா வாயால சொல்லக் கூடாதா?"

லாக்லன் மற்றக் கையால் தரையைக் காட்டினான். ஆர்ச்சி பார்த்தார். சறுக்கும் கேக்கைப் பார்த்தார். ஜன்னல் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தும் வெளியே தெரியும் மரம் நேராகவும் நிற்பதைப் பார்த்தார். வாசிப்பது நின்ற அந்த நொடியில்தான் அவரும் பயப்படத் தொடங்கினார். நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியவர் விடவில்லை. லாக்லன் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். இருவரும் நாலு காலில் திரும்பினார்கள், கிழவர் முன்னே, பிடிலைப் பல்லால் கவ்வாத குறையாக நெஞ்சில் அணைத்துக்கொண்டு.

"பெட்டி," என்றார் ஆர்ச்சி பாதி வழியில். "பிடில் பெட்டி நாற்காலிக்கு அடியில இருக்கு."

லாக்லன் அவரைப் பின்னாலிருந்து தள்ளினான்.

வாசலில் முர்டீனாவின் கை நீண்டது. கிழவரை இழுத்தாள், கணவனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் கால் முன்னறைத் தரையைத் தொட்டதும், அதற்காகவே இவ்வளவு நேரம் காத்திருந்ததுபோல, கீழே ஜாக்கி சாய்ந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நீண்ட பெருமூச்சு போல ஒன்று, பிறகு ஆணிகள் பிடுங்கும் சத்தம். அடுக்களையின் வெளி மூலை கீழே போனது. அங்கிருந்த விளக்கு அணைந்தது. மேசை, நாற்காலி, அணைந்த அடுப்பு, கேக், எல்லாம் ஆர்ச்சி உட்கார்ந்திருந்த மூலையை நோக்கி வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. அடுப்புதான் கடைசியாகப் போனது. அது போன இடத்தில் சுவர் இல்லை.

மழைச் சத்தம் இப்போது வீட்டுக்குள்ளேயே கேட்டது. முப்பது பேரும் அடுக்களைக்கு எதிர்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றார்கள். அவ்வளவு நாற்காலிகள் இருந்தும் உட்கார ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஹெக்டர் தன் காலடித் தரையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான்.

முர்டீனா மூக்கில் இன்னும் வெண்ணெயோடு அந்தச் சாய்ந்த தரையைப் பார்த்தாள். கணவனின் வீங்கும் விரல்களைப் பார்த்தாள்.

"நான் கேட்டது நேரான தரை, லாக்லன்," என்றாள். பிறகு அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் சட்டையெல்லாம் வெண்ணெய் ஆயிற்று.

வெளியே போக ஒரே வழிதான் இருந்தது. பெயின்ட் ஒட்டி இறுகிப்போயிருந்த முன்கதவை நாலு பேர் தோள் கொடுத்துத் திறந்தார்கள். கீழே பள்ளம். யாரோ ஜன்னல் வழியாகத் தொங்கி இறங்கி, ஓடிப்போய் ஏணி கொண்டுவந்தார்கள். முதலில் ஆர்ச்சியை இறக்கினார்கள்.

"இந்த வாசல் வழியா உசுரோட போற மொத ஆளு நான்தான்," என்றார் கிழவர் ஏணியின் பாதியில். "பெட்டி இல்லாமப் போறேன் பாரு."

ஒருவர் சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது.

ஹெக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவன். மறுநாள் காலை கட்டைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. விழுந்து கிடந்த அடுக்களைக்குப் பக்கத்தில் அவற்றை நேர்த்தியாக அடுக்கிவிட்டு, "சொன்ன மாதிரியே கொண்டாந்துட்டேன்," என்றான். பிறகு அழுதுவிட்டான். லாக்லன் அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான், முன்னறையில்.

வில்ஃபிரட் வந்து பார்த்துவிட்டுச் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் மூன்று வாரத்தில் அடுக்களையைத் தூக்கி, இந்த முறை அதற்கும் தனி உத்தரம் செருகி, சுவர் ஊற்றுவதற்கு அச்சுப் பலகை அடித்து முடித்தான்.

அந்த மூன்று வாரமும் லாக்லனுக்கு உயிர் இல்லை. அடுக்களை விழுந்ததைவிட இது மோசமாக இருந்தது. அடுக்களை ஒரே நொடியில் விழுந்துவிட்டதல்லவா. கூட்டுறவுக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. பெட்ரோல் போடும் இடத்தில் இரண்டு பேர் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவனைக் கண்டதும் மழையைப் பற்றிப் பேசினார்கள். பெயர் பிறந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கு மட்டும் சொல்ல ஆள் இல்லை. இரவில் விழித்துக்கொண்டு, முர்டீனாவிடம், "உனக்குத் தெரியுமா?" என்பான்.

"தெரியாது. தூங்கு."

அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும்.

கான்கிரீட் ஊற்றும் நாள் வந்தது. கலவை லாரி வெளியூரிலிருந்து வந்தது. வழி தெரியாமல் கூட்டுறவுக் கடையில் நின்று கேட்டுவிட்டு வந்தது. இளம் ஓட்டுநர் வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டினான்.

"அண்ணே, மெதுவா வீடு இதுதானுங்களா?"

லாக்லன் அப்படியே நின்றான். மெதுவா லாக்லன். மெதுவா வீட்டுப் பெண். மெதுவா வீட்டுப் பேரன். இத்தனை நாள் பயந்த பெயர் கடைசியில் முன்னால் வந்து நின்று, ஒரு லாரியை வாசலில் வைத்துக்கொண்டு, பதில் கேட்டது. இல்லை, நீங்கள் தவறாக வந்துவிட்டீர்கள் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

"இதேதான் தம்பி!" பின்னாலிருந்து முர்டீனாவின் பேருந்துக் குரல் வந்தது. "பின்பக்கமா எடுத்து வாங்க. அந்த மூலையிலதான் மொதல்ல ஊத்தணும்."

ஓட்டுநர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு லாரியைப் பின்னோக்கி எடுத்தான். அத்தனை டன் எடை, ஈரமான மண், தோண்டிய பள்ளத்தின் விளிம்பு, அதற்கு அப்பால் ஜாக்கி. லாக்லன் பார்த்தான். ஓடினான். சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே நின்று, கட்டுப்போட்ட கையை உயர்த்தி, தன்னையறியாமல் கத்தத் தொடங்கினான்.

"வா... வா... மெதுவா. மெதுவா தம்பி. மெதுவா!"